நாற்பத்தேழாம் கட்டு

அநியாயம் நடந்தது எஸ்தர் அக்காவுக்கு. செய்தவன் சூப்பரண்டு கந்தவேலு. அக்கா நாற்காலியில் போட்டு உட்காரும் சின்ன மெத்தையை, என்னோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் பார்க்க, கத்தியால் குத்திக் கிழித்தான். கவர் பிரிக்கிற கத்திதான். இருந்தாலும் கத்தி கத்திதானே அம்மா? ஆட்டுக்குக் குடலை உருவுகிற மாதிரி உள்ளே கையை விட்டுப் பஞ்சை உருவினான். இது முதலில் உங்கள் மனதில் பதியட்டும். நடுவில் நான் வேறு என்ன சொன்னாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

இடம் கொடுக்கிறீர்கள், நன்றி, ஆனால் நான் உட்கார மாட்டேன். இந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்கள் இடுப்பு என்ன பாவம் செய்தது? உள்ளே படுத்திருப்பது உங்கள் வீட்டுக்காரர்தானே? அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் நீங்களும் படுத்துவிடப் போகிறீர்கள். காலைத் தொங்கப்போடாதீர்கள். அந்தக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பாதத்தை வையுங்கள். வைத்துப் பாருங்களேன். ஆங். தொடையின் இறுக்கம் விட்டதா, இல்லையா? இதைத்தான் நான் அங்கேயும் செய்தேன். இதற்கு மேல் ஒரு குற்றமும் நான் செய்யவில்லை.

உங்களிடம் பேனா இருக்கிறதா? இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்.

பெண்கள் வார்டில் மூன்றாவது கட்டிலில், வலது கையில் மாவுக்கட்டோடு கிடக்கிறார்களே, அவர்தான் எஸ்தர் அக்கா. கை எப்படி உடைந்ததா? வருகிறேன். வரிசையாகத்தான் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும்.

என் பெயர் பொற்கொடி. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு மாணவி. ஏப்ரல் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுகிற வேலைக்கு ஆள் பற்றாது. எங்களில் சிலரை இரண்டு மாதத்துக்குத் தேர்வுப் பிரிவில் பிடித்துப் போட்டுவிடுவார்கள். விடைத்தாள் நாற்பது நாற்பதாகக் கட்டி, பழுப்புத் தாள் சுற்றி, சிவப்பு மையில் எண் போட்டு வரும். வலது அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுக்க வேண்டும், ஏற்ற வேண்டும், இடது அலமாரியில் வைக்க வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு இரும்பு நாற்காலிகள். ஒன்றுக்கும் கை கிடையாது. கை வைத்த நாற்காலி அந்த அறையில் ஒன்றுதான். சக்கரம் உண்டு, சாய்மானத்தில் வெள்ளைத் துண்டு உண்டு. அது கந்தவேலுவுடையது. ஒரு நாளில் ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்திருப்பானா என்பதே சந்தேகம். துண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

அந்த அறையில் ஒரு வழக்கம். சூப்பரண்டு உள்ளே வந்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். அவன் சும்மா இருப்பானா? டீக்குப் போவான், வருவான். போன் பேசப் போவான், வருவான். முதல் நாளே எண்ணினேன். முப்பத்தோரு தடவை. எஸ்தர் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது, முட்டி தேய்ந்த உடம்பு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முப்பத்தோரு தடவை எழுந்தார்கள். இரண்டாம் நாள் நான் எழவில்லை.

"ஏம்மா, ஒனக்குக் கால் இல்லையா?"

"இருக்கு சார். நடக்கதுக்கு இருக்கு. கும்பிடு போடுததுக்கு இல்ல."

அன்றிலிருந்து எனக்கு அவன் வைத்த பெயர் பட்டிமன்றம். "பட்டிமன்றம் வந்தாச்சா?" "பட்டிமன்றம் இன்னைக்கு எத்தனை கட்டு ஏத்திச்சு?" எனக்கு அதில் வருத்தம் இல்லை. கல்லூரி மேடைகளில் நான் தோற்றதே இல்லை. ஒரே ஒரு தடவை நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னார். அது தனிக் கதை.

அடுத்த வாரம் நான் கேட்டது நேர் எதிரானது. மணிக்கு ஒரு முறை எழுந்து ஐந்து நிமிடம் நடக்க விட வேண்டும். ரகசிய வேலை என்பதால் அந்த அறைக்கு ஒரு நடமாட்டப் பதிவேடு உண்டு. வெளியே காலெடுத்து வைத்தால் பெயர், நேரம், காரணம் எழுத வேண்டும். பெண்கள் காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். நான் 'ரத்த ஓட்டம்' என்று எழுதினேன். அவன் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'விளக்கம் தேவை' என்றான். மூன்று பக்கம் விளக்கம் கொடுத்தேன். முதுகெலும்பு, கழுத்து நரம்பு, கண்ணுக்கும் திரைக்கும் இருக்க வேண்டிய தூரம், தொழிலாளி உடம்பின்மேல் நிர்வாகத்துக்கு உள்ள வன்மம். எல்லாம்.

"எந்திரின்னா உக்காருத. உக்காருன்னா எந்திக்க. ஒனக்கு என்னதாம்மா வேணும்?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். எஸ்தர் அக்காவும் சிரித்தார்கள். பயத்தில் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். "எப்ப எந்திக்கணும்னு என் உடம்பு சொல்லணும் சார், உங்க செருப்புச் சத்தம் சொல்லக் கூடாது" என்றேன். பதிவேட்டைத் தூக்கி என் முகத்தில் எறிந்தான். அட்டையின் மூலை புருவத்தில் பட்டு... இதோ பாருங்கள், இந்தத் தழும்பு. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அக்கா முந்தானையை நனைத்துக்கொண்டு துடைக்க ஓடி வந்தார்கள். "தொடாதீங்க, சாட்சியம்" என்றேன். மூன்று மணி நேரம் அந்த ரத்தத்தோடு நின்றபடி மதிப்பெண் ஏற்றினேன். அன்று ராத்திரி முழுக்க அவனை மனதுக்குள் கொன்றேன். ஒரு தடவை அலமாரியைத் தள்ளி, ஒரு தடவை அந்த வெள்ளைத் துண்டாலேயே கழுத்தை இறுக்கி. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் என் போராட்டம் எனக்காக இல்லை. எஸ்தர் அக்காவுக்காக. இருபத்திரண்டு வருடமாக அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். உயரம் நாலே முக்கால் அடி. பாதம் தரையில் எட்டாது. பின்பக்கம் வலிக்கிறதென்று பழைய நைட்டித் துணியில் இலவம்பஞ்சு அடைத்து ஒரு மெத்தை தைத்து வைத்திருந்தார்கள். மெத்தையால் நாலு விரல் உயர்ந்து கால் இன்னும் தொங்கியது. சாயங்காலம் ஆனால் கணுக்கால் இட்லி மாதிரி உப்பியிருக்கும். விரலால் அமுக்கினால் குழி விழும், நிரம்பாது.

அவரை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவேன். உடனே அக்கா தோளைச் சுழற்ற வேண்டும், கணுக்காலைச் சுழற்ற வேண்டும், எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும்.

"ஏட்டி, இந்த வரியை முடிச்சிட்டுச் சுத்துதேன்."

"இப்பவே சுத்துங்கக்கா."

"மார்க்கு மாறிப் போவும்ட்டி."

"உடம்பு போனா மார்க்கை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

சுற்றுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தட்டியிருப்பேன்? இருபத்தைந்து இருக்கும். முப்பத்தொன்றுக்கு மேல் போகவே இல்லை, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்து காலுக்கு முட்டு வேண்டும். ஒரு பலகை கேட்டு எழுதிக்கொடுத்தேன். 'இருக்கைக்கு மட்டுமே ஒதுக்கீடு உள்ளது' என்று பதில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இடது அலமாரியிலிருந்து, வேலை முடிந்த கட்டு ஒன்றை உருவி அக்காவின் காலுக்கடியில் போட்டேன். ஒரு சாண் உயரம், அளவெடுத்த மாதிரி. நாற்பத்தேழாம் கட்டு.

அக்கா காலைச் சட்டென்று தூக்கிக்கொண்டார்கள். "ஐயையோ, எடுட்டி. பிள்ளைக கண்ணு முழிச்சு எழுதுனதுட்டி. அதுல போய்க் காலை வைக்கச் சொல்லுத!"

விடுவேனா? அரை மணி நேரம் வாதாடினேன். காகிதம் என்பது மரக்கூழ். அதில் சரஸ்வதி இருக்கிறாள் என்று சொல்லி யாரைக் காலம் காலமாகப் படிக்க விடாமல் வைத்திருந்தார்கள்? கால் என்ன கீழான உறுப்பா? அடுக்கடுக்காகக் கேட்டேன். எஸ்தர் அக்கா வேதக்காரர், கிறிஸ்தவர், சரஸ்வதியைப் பற்றி அவர் பேசவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. இருந்தாலும் வாதம் வாதம்தானே? ஜெயித்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டின்மேல் கைத்துண்டை விரித்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, பாதத்தை வைத்தார்கள். முழுப் பாதத்தையும் வைக்கவில்லை. விரல் நுனியை மட்டும். நான் குனிந்து, பாதத்தைப் பிடித்து அழுத்தி வைத்தேன்.

பத்தே நாள். வீக்கம் வடிந்துவிட்டது. "கால் லேசா இருக்குட்டி" என்று அக்காவே சொன்னார்கள். கேட்டீர்களா? அவர் வாயால் சொன்னது. இதையும் மனதில் வையுங்கள்.

ஜூன் கடைசியில் வேலை முடிந்தது. கட்டுகளை எண்ணிக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். காலை பத்து மணிக்குக் கந்தவேலு எண்ணினான். ஒரு கட்டு குறைந்தது. மறுபடி எண்ணினான். நாற்பத்தேழு இல்லை.

முகம் செங்கல் நிறமாகிவிட்டது. கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். "நாப்பது பிள்ளைகளோட பேப்பர். எவ எடுத்தா? எவன் கேட்டு எடுத்தா?" ஒவ்வொரு பையாகக் கவிழ்த்தான். சீப்பு, மாத்திரை, ஒரு பெண்ணின் மாதவிலக்குத் துணி, எல்லாம் தரையில். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து விசிறி எறிந்தான். சாம்பார் சோறு சுவரில் அப்பி வழிந்தது. "சாம்பாருக்குள்ள நாப்பது விடைத்தாளா சார்?" என்று கேட்டேன். "வாயை மூடுட்டி" என்று கையை ஓங்கினான். பெண் ஊழியரைப் பெண் அதிகாரி இல்லாமல் சோதனை போட உனக்கு என்ன அதிகாரம், பூட்டிய அறையில் எங்களை நிறுத்தி வைக்க என்ன அதிகாரம் என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். அவன் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொருளை உடைத்தான்.

எல்லாரும் எழுந்து நின்றோம். எஸ்தர் அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார்கள். காலை எடுக்கவில்லை.

"எந்திரிம்மா."

எழவில்லை. என்னைப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா, கண் இமைக்காமல், இவ்வளவு நேரம். 'போராடு' என்று சொல்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

அவன் அக்காவின் தோளைப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளினான். அக்கா மேசைக்காலில் மோதி, கைத்துண்டு மூடியிருந்த இடத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மெத்தையை எடுத்துத் தூக்கிப் பார்த்தான். "கனமா இருக்கே. என்ன வச்சு தச்சிருக்க?" கத்தியால் ஒரு குத்து. துணி கிழியவில்லை. நைட்டித் துணி, இரண்டு மடிப்பு. இன்னொரு குத்து. அப்புறம் வெறி வந்துவிட்டது. குத்து, குத்து, குத்து. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சு மொத்தமும் கிளம்பி அறை முழுக்கப் பறந்தது. கண்ணில், மூக்கில், வாயில், கணினித் திரையில். பெண்கள் இருமுகிறார்கள், அழுகிறார்கள். கந்தவேலு தலையெல்லாம் பஞ்சு, மீசையெல்லாம் பஞ்சு, கையில் கத்தி. சிரிப்பு வரவில்லை அம்மா. கொலை நடந்த இடம் மாதிரிதான் இருந்தது.

கட்டு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்ததே, எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். பார்வையிலேயே கேட்கிறீர்கள். சொல்கிறேன். சத்தியமாக எனக்கு அப்போது நினைவு வரவில்லை. பத்து நாளாக அது எனக்குக் கட்டு இல்லை, முக்காலி. நினைவு வந்தபோது அவன் மெத்தையைக் கிழித்து முடித்திருந்தான். கிழித்த பிறகு 'இதோ இருக்கிறது' என்று எடுத்துக் கொடுத்தால், அவன் தேடியதும் நியாயம், கிழித்ததும் நியாயம் என்று ஆகிவிடாதா? ஒரு நல்ல வழக்கை அப்படிக் கையில் தூக்கிக் கொடுக்கலாமா?

அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். தரையில் கிடந்த அக்காவைப் பார்த்து, "களவாணி மூதி" என்றான்.

எனக்குக் கண் இருண்டது. கை வைத்த நாற்காலியைத் துண்டோடு தூக்கினேன். எவ்வளவு கனம், எப்படித் தூக்கினேன், கேட்காதீர்கள். முதல் வீச்சில் அலமாரிக் கண்ணாடி சிதறியது. ஒரு சக்கரம் கழன்று சுவரில் அடித்துத் திரும்பி வந்தது. இரண்டாவது வீச்சில் நாற்காலியின் முதுகு பிளந்தது. கந்தவேலு மேசைக்கு அந்தப் பக்கம் ஓடினான். முப்பத்தோரு தடவை எங்களை எழ வைத்தவன் நாலு காலில் ஓடினான் அம்மா! கொல்ல வேண்டும் என்றுதான் மூன்றாவது முறை ஓங்கினேன். பொய் சொல்ல மாட்டேன். அவன் மண்டைக்குத்தான் ஓங்கினேன். அவன் குனிந்தான். அக்கா எப்போது எழுந்தார்கள், எப்போது குறுக்கே வந்தார்கள், நான் பார்க்கவில்லை. "வேண்டாம்ட்டி, வேண்டாம்ட்டி" என்று வலது கையை நீட்டியிருக்கிறார்கள்.

முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நாற்காலி என் கையில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையில் இருந்ததா முக்கியம், காரணம் யார் என்பதா முக்கியம்? அவன் குனியாமல் இருந்திருந்தால்? மெத்தையைக் கிழிக்காமல் இருந்திருந்தால்? ஒரு பலகை கொடுத்திருந்தால்?

அக்கா சரிந்து விழுந்ததில் கால் பட்டு, கைத்துண்டு விலகிவிட்டது. பழுப்புத் தாள், சிவப்பு மை, நாற்பத்தேழு. அறையே பார்த்தது. பஞ்சு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

கந்தவேலு மேசைக்கு அடியிலிருந்தே கேட்டான். "இதை யார் அங்கன வச்சது?"

பத்துப் பெண்களுக்கும் தெரியும். ஆளுக்கொரு பக்கம் குனிந்து சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டினார்கள். நான் வாய் திறக்கப் போனேன். உண்மையாகவே போனேன். அதற்குள் அக்கா, முறிந்த கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, "நாந்தான் சார். கால் எட்டல" என்றார்கள்.

இங்கே கொண்டுவந்தபோதும் மருத்துவரிடம் தடுக்கி விழுந்ததாகத்தான் சொன்னார்கள். நாற்காலியைப் பற்றிக் கந்தவேலு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் கதவைப் பூட்டியது வெளியே வருமே. கட்டைப் பற்றி மட்டும் எழுதினான். விடைத்தாளை மறைத்து வைத்தது, அதைக் காலால் மிதித்தது. நேற்று உத்தரவு வந்தது. அக்கா தற்காலிகப் பணிநீக்கம். மூன்று வருடத்தில் ஓய்வு பெற வேண்டியவர். புருஷன் இல்லை, ஒரே மகள், கன்னியாஸ்திரி மடத்தில். விசாரணையில் குற்றம் உறுதியானால் இருபத்திரண்டு வருட வேலையும் ஓய்வூதியமும் போச்சு.

நான் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? சொன்னால் என் ஆய்வுப் பதிவை ரத்து செய்வார்கள். செய்யட்டும், அதற்கு நான் பயப்படவில்லை. ஆனால் நானும் வெளியே போய்விட்டால் அக்காவுக்காகப் போராட யார் இருக்கிறார்கள்? யோசித்துச் சொல்லுங்கள். அதனால்தான் நேற்று முழுக்க உட்காராமல், ஜன்னல் திண்டில் தாளை வைத்து நின்றபடியே எட்டுப் பக்கம் புகார் எழுதினேன். துணைவேந்தருக்கு ஒரு நகல், மகளிர் ஆணையத்துக்கு ஒரு நகல். பூட்டிய கதவு, கவிழ்த்த பைகள், கிழித்த மெத்தை, சொன்ன கெட்ட வார்த்தை. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அக்கா கையெழுத்துப் போட்டால் கந்தவேலு ஒழிந்தான். வலது கை மாவுக்கட்டில் இருக்கிறதே என்று மைப்பெட்டியும் வாங்கி வந்தேன், இடது பெருவிரலை வைக்க.

இப்போதுதான் உள்ளே போய் எட்டுப் பக்கத்தையும் வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் கூடத் தலையைத் தூக்கிக் கேட்டார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். மைப்பெட்டியைத் திறந்து, பெருவிரலைப் பிடித்தேன். அன்றைக்குப் பாதத்தைப் பிடித்தேனே, அதே மாதிரி. கையை உருவிக்கொண்டார்கள்.

கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் அம்மா. உட்காருகிறேன். சும்மா, ஒரு நிமிடம்தான். அந்தப் பேனாவையும் கொடுங்கள்.

அக்கா சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கட்டி. மெத்தை கிழிஞ்சது இருக்கு, பஞ்சு பறந்தது இருக்கு. கட்டைக் கொண்டாந்து எங்காலுக்கடியில வச்சது யாருன்னு இல்லியே. எங்கையை ஒடிச்சது யாருன்னு இல்லியே. ஒடிஞ்சது எங்கையா, ஒங்கையா? போ, போய் ஒரு எடத்துல உக்காரு. உக்காந்து மொதல்ல இருந்து எழுது. எழுதிக் கொண்டா, ஒரு வெரல் என்ன, இந்தக் கையில இருக்க அஞ்சு வெரலையும் உருட்டுதேன்."